பந்தலுக்குள் நின்றுபோன நாடி

வேலையில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூன்று இளம் டாக்டர்களும் என்னிடம் கேட்டீர்கள்: "சார், இதுவரைக்கும் எத்தனை பேருக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கீங்க?" நான் பதில் சொல்லாமல், டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். சார் தன்னடக்கமானவர் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டீர்களாம். தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு காலத்தில் அந்த எண்ணிக்கையைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஏன் நிறுத்தினேன் என்பதை இங்கே எழுதித் தருகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால்தான் எழுத்தில்.

தொண்ணூறுகளின் கடைசி. தேனி தனி மாவட்டமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இதயத் துடிப்பு குறைந்து மயங்கி விழுகிறவர்களை அதுவரை மதுரைக்குத்தான் அனுப்புவார்கள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் சிலர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நான் மதுரையில் ஒரு பெரிய மனிதரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, தேனியில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். அந்த மருத்துவமனை இப்போது இல்லை. அங்கே படம் பார்த்துக்கொண்டே கம்பியைச் செலுத்த ஒரே ஒரு சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரம்தான் இருந்தது. அதுவும் எலும்பு டாக்டருடையது. அவருக்குக் காலை பத்து மணிக்கு அது வேண்டும். கம்பம் ரோட்டில் தினமும் யாராவது மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு வருவார்கள். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அவர் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஆகவே எனக்கு வேகம் வந்தது. வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இடது மார்பில் தோலுக்கு அடியில் ஒரு பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் ஒரு கம்பி. அந்தக் கம்பியை உள்ளே விட இரண்டு வழி. ஒன்று, தோளுக்குப் பக்கத்தில் கீறி, ஒல்லியான ஒரு நாளத்தைத் தேடிப் பிடித்து நுழைப்பது. பொறுமை வேண்டும், சில சமயம் நாளம் அகப்படாமல் கழுத்தறுக்கும். இன்னொன்று, கழுத்துப்பட்டை எலும்புக்கு அடியில் ஊசியால் ஒரே குத்து. நெஞ்சுக்கூட்டுக்கு நெருக்கமாகக் குத்தினால் குழாய் சட்டென்று கிடைக்கும். மதுரை ஆசிரியர் எனக்கு முதல் வழியைத்தான் சொல்லிக்கொடுத்தார். "அந்த இடுக்குல குத்தாதே. கம்பி எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மாட்டும்" என்று சொல்லியும் இருந்தார். நான் அந்த இடுக்கில்தான் குத்தினேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குத் தையல் போட்டுவிட்டு, எலும்பு டாக்டருக்கு நானே கதவைத் திறந்துவிடுவேன். அடேயப்பா, அந்த மிதப்பு!

பேச்சியம்மாளுக்கும் அப்படித்தான் வைத்தேன். கம்பத்துக்குத் தெற்கே, மலையை ஒட்டிய ஓர் ஊர். நாற்பது வயது இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அவளுடைய இதயம் தானாகத் துடிப்பதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. பெட்டி ஒரு நொடி அசந்தால் அவளுக்கு அந்த நொடி கிடையாது. வைத்துவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் நன்றாக இருந்தாள். ஆறாவது மாதம் வந்து நின்றாள், கூடவே இன்னொரு பெண்ணும். அவள் பெயர் ஒச்சம்மா. பழம் வெட்டும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலை வாங்குகிறவள், நல்ல உயரம், கணீரென்ற குரல்.

"டாக்டரய்யா, இவ கிறுகிறுன்னு வந்து விழுகுறா" என்றாள் ஒச்சம்மா. "வீட்டுல விழுகல. ரோட்டுல விழுகல. அந்தப் பந்தலுக்குள்ள போனாத்தான் விழுகுறா."

பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "விழுகுறதுக்கு முன்னாடி நெஞ்சுல யாரோ விரலை வச்சுச் சுண்டுற மாதிரி இருக்குங்கய்யா. உள்ள இருந்து சுண்டுறாக."

படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தேன். ஒவ்வொரு துடிப்பும் பெட்டி சொன்னபடி ஒழுங்காக விழுந்தது. எக்ஸ்ரே எடுத்தேன். கம்பி வைத்த இடத்தில் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்ப வந்தார்கள். இந்த முறை வார்டில் சேர்த்து, மானிட்டரை மாட்டி, இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்புக்கூடத் தவறவில்லை. பேச்சியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாதுவாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மனசு சம்பந்தமான பிரச்சினை என்று கேஸ் ஷீட்டில் எழுதி, தூக்க மாத்திரை கொடுத்தேன். இளையவர்களே, இயந்திரம் சரி என்று காட்டும்போது நோயாளி தப்பு என்று எழுதுவது எவ்வளவு சுலபம் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒச்சம்மா அன்றைக்குப் போகும்போது தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தாள். "போன வருசம் அந்தப் பந்தலுக்குள்ள ஒருத்தவுக செத்துப்போனாக, டாக்டரய்யா. அவுக செத்த பெறகும்..." நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ஏம்மா, பேய்க்கதையெல்லாம் வெளியில போய்ப் பேசுங்க. எனக்கு வெளிநோயாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க." அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் போதும். இந்த வேலையில் நான் செய்த தப்புகளில் அதுதான் பெரியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவது முறை அவர்கள் வந்தது வைத்தியத்துக்காக இல்லை.

"பெட்டியை எடுத்துடுங்கய்யா" என்றாள் பேச்சியம்மாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது?"

ஒச்சம்மாதான் விளக்கினாள். ஊரில் கோடாங்கியிடம் கேட்டிருக்கிறார்கள். உடுக்கையடித்துப் பார்த்துவிட்டு அவர், செத்தவர் பேச்சியின் நெஞ்சுக்குள் இருக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். பெட்டி போனால் அவரும் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் எடுக்காவிட்டால், கீறி எடுக்கத் தனக்கு ஆள் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார். பேச்சியின் புருஷனும் சரி என்றுவிட்டான்.

"ஆத்தா, பெட்டியை எடுத்தா நீ அன்னைக்கே செத்துப்போவே. தெரியுமா?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கட்டுப்படாது.

"இப்பிடித் தினம் செத்துப் பொழைக்கிறதுக்கு ஒரேயடியாப் போயிரலாம்யா" என்றாள் அவள். அழவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

நான் ஒச்சம்மா பக்கம் திரும்பினேன். "நான் எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். இவளுக்கு ஒண்ணுமே இல்லை."

"ஆசுபத்திரில படுக்க வச்சுப் பாக்குறீக" என்றாள் ஒச்சம்மா. குரலை உயர்த்தவில்லை. "நாங்க என்ன, படுத்துக்கிட்டா பழம் வெட்டுறோம்?"

எனக்கு உறைத்தது என்று சொல்ல ஆசைதான். உறைக்கவில்லை. ரோஷம்தான் வந்தது. நாளைக்கே தோட்டத்துக்கு வருகிறேன், என் கண் முன்னால் அவள் விழட்டும், விழாவிட்டால் கோடாங்கி பேச்சை விட்டுவிட வேண்டும் என்று பந்தயம் கட்டினேன். ஒரு டாக்டர் நோயாளியின் மேல் பந்தயம் கட்டினான் என்று வெளியே சொல்லாதீர்கள்.

மறுநாள் மருத்துவமனை ஜீப்பில் போய் இறங்கும்போது உச்சி வேளை. வெளியே மண்ணெல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பன்னீர் திராட்சைப் பந்தலை நீங்கள் வெளியிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். கல்தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். மேலே கம்பி, கம்பிமேல் கொடி. குனிந்து நுழைந்தால் வெயில் சட்டென்று நின்றுவிடும். பச்சையும் கறுப்புமாய் ஒரு மங்கல். தூணிலும் இலையிலும் மருந்தடித்த நீலக்கறை. பெண்கள் கையைத் தூக்கிக் குலையைத் தேடும்போது முழங்கை வரைக்கும் இலைக்குள் போய்விடும். வரிசையாக நின்ற அத்தனை பேரும் கை இல்லாதவர்கள் மாதிரி தெரிந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கத்திரிச் சத்தமும் நின்றது. வெளியே மலையடிவாரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு இலைகூட அசையவில்லை.

நடுவில் ஒரு தூணின் அடியில் வாடிய திராட்சைக் குலை ஒன்றும் பிரிக்காத பீடிக்கட்டு ஒன்றும் இருந்தன. அந்தத் தூணைச் சுற்றி ஐந்தாறு அடிக்கு யாரும் நிற்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் பழம் வெட்டாமல் கொடியிலேயே காய்ந்து தொங்கியது.

"அங்கனதான்" என்றாள் ஒச்சம்மா, விரலை நீட்டாமல்.

பேச்சியம்மாளை அங்கேயே நிறுத்தினேன். அவளுடைய வலது மணிக்கட்டை என் விரல்களில் பிடித்துக்கொண்டேன். நாடி அழகாக அடித்தது. "இடது கையைத் தூக்கி அந்தக் குலையைப் பிடி" என்றேன். பிடித்தாள். நாடி அப்படியே இருந்தது. இறக்கச் சொன்னேன், மறுபடி தூக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. நான் ஒச்சம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

"அது தாழக் கெடக்குற குலைய்யா" என்றாள் அவள். "ஏ பேச்சி, உச்சிக்கொடிக்கு எட்டிப் புடி."

பேச்சியம்மாள் குதிகாலை உயர்த்தி, உடம்பை இழுத்து, இலைக்குள் கையை விட்டாள். அப்போது அவளுடைய ரவிக்கை ஓரத்துக்கு மேலே, எலும்புக்குக் கீழே, சதை துள்ளியது. ஒரு முறை. இன்னொரு முறை. சீராக, தாளம் தப்பாமல், உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டுவது போலவே. பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விலகிய சத்தம் கேட்டது.

என் விரலுக்குக் கீழே நாடி இல்லை.

விரலை அழுத்திப் பார்த்தேன். இல்லை. மணிக்கட்டில் வேறு இடத்தில் தேடினேன். இல்லை. பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "இன்னைக்கு நீங்க நிக்கிறதால அவுக வரல போலிருக்குங்கய்யா."

இதயம் நின்றுபோன ஒருத்தி என்னிடம் பேசினாள். இதயம் நின்றாலும் மூளையில் ஒருசில நொடிக்கு ரத்தம் இருக்கும், அதுவரை ஆள் பேசலாம், சிரிக்கலாம். பாடத்தில் படித்ததுதான். படித்து என்ன? அவள் கண்ணில் வெளிச்சம் மங்குவதைப் பார்த்தேன், கருவிழி மேலே போனது. அந்த நொடியில் நானும் நம்பினேன். இங்கே யாரோ நிற்கிறார்கள் என்று நம்பினேன்.

எப்படித் தோன்றியதோ, அவளுடைய இடது கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். சதை துள்ளுவது நின்றது. நாடி விரலில் வந்து முட்டியது. என் கையில் சாய்ந்து கிடந்தவள் கண்ணைத் திறந்து, "வந்துட்டாகளா?" என்று கேட்டாள்.

கையைத் தூக்கினால் கம்பி நசுங்குகிறது. நான் குத்திய அந்த இடுக்கில், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில், பழம் வெட்டும் ஒவ்வொரு முறையும் நசுங்கி நசுங்கி, மேலுறை கிழிந்திருக்கிறது. மின்சாரம் இதயத்துக்குப் போகாமல் அங்கேயே கசிந்து சதையைத் துள்ள வைக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உச்சிக்கொடியை எட்டிப் பிடிக்க முடியுமா?

"பாத்தீகளா?" என்றாள் ஒச்சம்மா. "அதே துடிப்பு. செத்தவுகளுக்கும் இப்பிடித்தான் துடிச்சுச்சு."

"என்ன சொன்னே?"

"அதைத்தானே அன்னைக்கே சொல்ல வந்தேன். இந்தத் தூணுக்குக் கீழதான் விழுந்து கெடந்தாக. மூச்சு இல்லை, பேச்சு இல்லை. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிக் கட்டில்ல போட்டா, நெஞ்சுல ஒரு பக்கம் மட்டும் கெடந்து துடிக்குது. செத்த மனுசனுக்கு! நான் என் கண்ணால பாத்தேன். கொஞ்ச நேரம் துடிச்சு அப்பறம் நின்னுபோச்சு. அன்னையிலிருந்துதான் இங்கன எல்லாருக்கும் பயம்."

"எந்தப் பக்கம்?"

அவள் தன் இடது தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

"அவருக்கு அங்க தழும்பு இருந்துச்சா?"

"ஆமா. இவளாட்டமே ஆசுபத்திரில பெட்டி வச்சிருந்தாக."

பேரைக் கேட்டேன். அந்த நேரத்தில், அந்தப் பந்தலுக்குள், அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன் என்றாள். வெயிலுக்கு வந்து, வாய்க்காலைத் தாண்டி, ஜீப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் சொன்னாள். வீரணன். பந்தலில் கொடி கட்டுகிறவர். நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்தவர்.

அந்தப் பேர் எனக்குத் தெரியும்.

பேச்சியம்மாளின் இடது கையை என் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டி, தேனிக்குக் கொண்டுவந்தோம். சி-ஆர்முக்குக் கீழே படுக்க வைத்து, அவசரத்துக்குக் கால் வழியாகத் தற்காலிகக் கம்பி ஒன்றைப் போட்டுவிட்டு, கையை மெல்லத் தூக்கச் சொன்னேன். எலும்பு கத்திரி மாதிரி கம்பியைக் கவ்வுவது திரையில் தெரிந்தது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியைக் கேட்டேன். தியேட்டர் சிஸ்டர் கத்தியைத் தரவில்லை. பல வருட அனுபவம் உள்ளவர், அதிகம் பேசாதவர். "டாக்டர், உங்க கையைப் பாருங்க" என்றார். பார்த்தேன். நடுங்கியது. நான் கெடுத்ததை நானே சரி செய்ய வேண்டும் என்ற வெறி எனக்கு. அந்த வெறிக்குப் பேச்சியின் நெஞ்சு எதற்கு? கையுறையைக் கழற்றிவிட்டு மதுரைக்குப் போன் செய்தேன்.

ஆசிரியர் அன்று சாயங்காலமே காரில் வந்தார். தோள் பக்கம் கீறி, அந்த ஒல்லி நாளத்தைத் தேட ஆரம்பித்தார். தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். ஏதோ அவசரக் கேஸோடு வந்த எலும்பு டாக்டர் வெளியே செருமினார். "எலும்பு எங்கயும் ஓடிடாதுப்பா" என்று நிமிராமலேயே சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பழைய கம்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இன்னும் எத்தனை பேருக்கு இப்பிடி வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் கேட்ட அதே கேள்வி.

அன்று இரவு என் பதிவேட்டைப் புரட்டினேன். வீரணன். ஒவ்வொரு பரிசோதனைத் தேதிக்கும் எதிரே என் கையெழுத்தில், சிவப்பு மையில், 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. மூன்று தடவை. நினைவூட்டக் கார்டு போட்டும் வரவில்லையே, அலட்சியமான ஆள் என்று திட்டிக்கொண்டே எழுதினேன். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாவது முறை நான் திட்டியபோது அவர் மண்ணுக்குள் இருந்தார்.

நான் கம்பி வைத்தவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக வரவழைத்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். போடி வழித்தடத்து பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் கம்பி நைந்திருந்தது. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பத்து மணி நேரம் நிற்கிறவர். நல்லவேளை, பிழைத்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

வீரணனின் மனைவி பவுனுத்தாயைப் பார்க்கப் போனேன். மருத்துவமனை முதலாளி வேண்டாம் என்றார். "நீங்க போய் ஒத்துக்கிட்டா நாளைக்கு ஒரு ஆள் இந்த வாசல்ல ஏற மாட்டான்" என்றார். எனக்கும் அதே பயம்தான். மூன்று நாள் போகாமல் இருந்தேன், நான்காம் நாள் போனேன்.

ஊர்க் கடைசியில் ஒற்றை வீடு. நான் போனபோது பீடிக்கட்டு ஒன்றைச் சேலையில் முடிந்துகொண்டிருந்தார். அன்று அமாவாசை. தூணுக்கு அடியில் வைப்பது அவர்தான். புருஷன் செத்ததிலிருந்து அந்த அம்மாளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பேச்சி விழ ஆரம்பித்த பிறகு கல்லெறியாத குறை.

"எறும்பைக்கூட மிதிக்க மாட்டாகய்யா அவுக" என்றார். "செத்த பெறகு எப்பிடி இப்பிடி மாறுனாகன்னுதான் தெரியல. யாரையும் பிடிக்காதீகன்னு கெஞ்சிட்டு வாரேன். கேக்க மாட்டேங்குறாக."

நான் சொன்னேன். கம்பியைப் பற்றி, எலும்பைப் பற்றி, காலை பத்து மணியைப் பற்றி, எல்லாம். உடல் மண்ணுக்குள் போய்விட்டது, நூற்றுக்கு நூறு என்று நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை என்றும் சொன்னேன். அவருக்கு மேலுறை முழுக்கவே கிழிந்திருக்க வேண்டும், அதனால்தான் கை கீழே கிடந்தபோதும் கசிந்திருக்கிறது. துடித்தது ஆவி இல்லை, பெட்டி. அது உயிர் இருக்கா இல்லையா என்று பார்க்காது, தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும்.

சேலையில் முடிந்த பீடிக்கட்டைத் தடவிக்கொண்டே அந்த அம்மாள் கேட்டார்: "அப்ப, மண்ணுக்குள்ள இப்பவும் அடிச்சுக்கிட்டா இருக்கு?"

"ஆமாம்மா. பேட்டரி தீர இன்னும் சில வருசம் ஆகும்."

"இருக்கட்டும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அறை விழும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "அப்ப அவுக யாரையும் பிடிக்கலையா?"

"இல்லம்மா."

"பேச்சியையும்?"

"இல்லம்மா. ரெண்டு பேருக்கும் கம்பி வச்சது நான்தான்."

"இதை எங்கிட்டச் சொல்லி என்னய்யா ஆகப்போகுது?" என்று எழுந்தார். அப்போதுதான் அவர் குரலில் கோபம் வந்தது. "எம் புருசனைப் பேயின்னு சொன்னது ஊரு. வாங்க. அங்கன வந்து சொல்லுங்க."

அதே உச்சி வேளை. அதே பந்தல். பவுனுத்தாய் நுழைந்ததும் பெண்கள் பின்வாங்கினார்கள். தோட்டத்துக்காரர், பேச்சியின் புருஷன் எல்லோரும் இருந்தார்கள், கோடாங்கிகூட வந்திருந்தார். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "வீரணன் யாரையும் பிடிக்கலை" என்று ஆரம்பித்தேன். அந்தப் பேரை அங்கே சத்தமாகச் சொன்னதும் யாரோ ஒருத்தி "அடி ஆத்தி!" என்றாள். நான் நிறுத்தவில்லை. அவசரப்பட்டுத் தப்பான இடத்தில் கம்பியை வைத்தேன், அதனால் அவர் செத்தார், அதனால் பேச்சி விழுந்தாள் என்று சொல்லி முடித்தேன். பேச்சியின் நெஞ்சிலிருந்து எடுத்த கம்பியை நீட்டினேன்.

ஒச்சம்மாதான் முதலில் வாங்கினாள். கிழிந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். பூனை பிராண்டிய அளவுதான் இருக்கும். "இம்புட்டுத்தானா பேயி?" என்றாள். அது கை மாறி மாறிப் போனது. கோடாங்கி மட்டும் தொடவில்லை. பேச்சியின் புருஷன் என் சட்டையைப் பிடிக்க வந்தான், நாலு பேர் தடுத்தார்கள். தடுக்காமல் இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து ஒச்சம்மா தன் இடுப்பில் செருகியிருந்த கத்திரியை எடுத்து, பவுனுத்தாயிடம் நீட்டினாள். "இந்தா மதினி. இந்தத் தூணு வரிசை ஒரு வருசமா வெட்டாமக் கெடக்கு." அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். அடியில் கிடந்த பீடிக்கட்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு, கையைத் தூக்கி, காய்ந்துபோன முதல் குலையை வெட்டிக் கீழே போட்டார்.

நான் குனிந்து வெளியேறும்போது கூப்பிட்டார்.

"டாக்டரய்யா. அவுக யாரையும் பிடிக்கலைன்னு நீங்க சொல்லிட்டீக, சரி. ஆனா இனிமே யாருக்காச்சும் கம்பி வச்சா, பொறுமையா வையுங்க. என்ன வேலை பாக்குறீகன்னு கேட்டு, கையத் தூக்கச் சொல்லிப் பாருங்க. இல்லைன்னா அவுக உங்களைச் சும்மா விட மாட்டாக. நான் சொல்லி வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளையவர்களே, அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும், ஒவ்வொரு முறையும், எலும்புக்கடியில் ஊசியை வைத்தால் ஆயிற்று என்று என் கை அவசரப்படும்போதெல்லாம் என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்ததில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தோள் பக்கம் கீறி, நாளத்தைத் தேட ஆரம்பிப்பேன். வெளியே யார் செருமினாலும் சரி.

அவரைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நான் வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்கூட வரவில்லை. நீங்கள் வேலை பார்க்கும் தியேட்டரில்தான் நிற்கிறார், உங்களுக்குப் பின்னால்.